சிங்க ஆட்டத்துக்குக் கைதட்டல். ஆடியவனுக்குக் கம்பி வேலியா?

ஆண்டுதோறும் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ சீனப் புத்தாண்டு வருகிறது. கல்கத்தாவில் சீன வம்சாவளியினர் குடியிருக்கும் டங்கராவிலும், பழைய டிரெட்டா பஜார்ச் சந்துகளிலும் மேளம் கொட்டுகிறது. காகிதத்தாலும் துணியாலும் செய்த சிங்கத் தலையைத் தூக்கிக் கொண்டு வாலிபர்கள் வீட்டுக்கு வீடு ஆடுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் காசு. தெருவெல்லாம் பட்டாசு. மறுநாள் பத்திரிகைகளில் பெரிய படம். படத்துக்குக் கீழே, வந்தவரையெல்லாம் அணைத்துக் கொள்ளும் நகரம் இது, சீனரையும் தன் பிள்ளையாக்கிக் கொண்ட மண் இது என்று ஒரு பாராட்டு.

படம் பொய்யில்லை. மேளம் பொய்யில்லை. ஆடுகிற பிள்ளைகளின் சந்தோஷமும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பாராட்டு இருக்கிறதே, அது முழு உண்மையா? ஒரு சமூகத்தின் பண்டிகையை நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டால், அந்தச் சமூகத்தை ஏற்றுக் கொண்டுவிட்டோம் என்று அர்த்தமா?

நம் நாட்டு உழைப்பாளிக்கு இதில் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஊர்த் திருவிழாவுக்குப் பறை வேண்டும். பறை முழங்காமல் சாமி புறப்படாது. ஆனால் பறை அடித்தவன் மறுநாள் காலில் செருப்போடு அதே தெருவில் நடந்தால் என்ன நடந்தது என்று தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். தோலின் ஓசை இனிக்கும். தோலைத் தொட்ட கை தீட்டு! இந்த நியாயம் நமக்குப் புதிதல்ல. கல்கத்தாச் சீனர் கதையிலும் இதே நியாயம்தான் வேறு உடுப்பு உடுத்திக் கொண்டு வருகிறது. அந்தக் கதையிலும் தோல் உண்டு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலாளியின் சமாதியும் ஓடிப்போன கூலிகளும்

கல்கத்தாவுக்குத் தெற்கே, ஹூக்ளி நதிக்கரையில், பஜ்பஜ் ஊரைத் தாண்டினால் அச்சிபூர் என்று ஒரு கிராமம். அங்கே ஆற்றோரம் குதிரை லாட வடிவத்தில், சிவப்புச் சாயம் பூசிய சமாதி ஒன்று இருக்கிறது. அதில் அடங்கியிருப்பவர் ஆச்சூ என்ற சீனர். ஊருக்கே அவர் பெயர்தான். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் அவருக்குக் கம்பெனி சர்க்கார் 650 பிகா நிலம் கொடுத்தது; வருஷக் குத்தகை 45 ரூபாய். கரும்பு பயிரிட்டு ஆலை வைத்தார். வேலைக்குச் சீனாவிலிருந்து கூலிகளைக் கப்பலில் கொண்டு வந்தார். 1783 முடிவதற்குள் இறந்து போனார். கல்கத்தாச் சீனர்கள் இன்றும் புத்தாண்டை ஒட்டிக் குடும்பம் குடும்பமாக அங்கே போய் ஊதுவத்தி ஏற்றி, பதார்த்தங்கள் படைத்துக் கும்பிடுகிறார்கள். இந்தியாவுக்கு வந்து குடியேறிய முதல் சீனர் அவர் என்பது அவர்கள் மரபு.

ஆனால் ஆச்சூ கம்பெனி சர்க்காருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அதில் என்ன முறையீடு தெரியுமா? “என் கூலிகள் ஓடிப் போகிறார்கள், மக்காவ் கப்பல்களிலிருந்து இறங்கி ஓடி வந்து கல்கத்தாவில் ஒளிந்திருக்கும் சீனர்கள் என் ஆட்களைக் கலைக்கிறார்கள்” என்பதுதான். கம்பெனி சர்க்கார் சும்மா இருக்குமா? 1781-ல் அறிக்கை போட்டது: ஆச்சூவுக்குச் சர்க்கார் பாதுகாப்பு உண்டு, ஒப்பந்தக் கூலிகளைக் கலைப்பவருக்குத் தண்டனை உண்டு என்று. முதலாளிக்கு ஆள் ஓடினால் சர்க்காருக்கு வயிறு கலங்குவது அன்றைக்கே இருந்த வழக்கம்!

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் அந்த ஓடிப்போனவர்கள்தான். ஒப்பந்தத்தை உதறிவிட்டுக் கல்கத்தாச் சந்துகளில் புகுந்து, உளியும் இழைப்புளியும் பிடித்துப் பிழைத்தவர்கள். ஆச்சூ செத்து ஆலையும் கைமாறிய பிறகு மிச்சமிருந்த கூலிகளும் நகரத்துக்கே வந்து சேர்ந்தார்கள். கல்கத்தாச் சீனக் குடியிருப்புக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் இவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குச் சமாதி இல்லை. இவர்கள் பெயரும் யாருக்கும் தெரியாது. யாரை மூதாதை என்று கும்பிடுவது என்பதைக்கூடப் பண்டிகை பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறது!

இதைச் சொல்வதால் அச்சிபூருக்குப் போகிற ஏழைச் சீனக் குடும்பத்தை நையாண்டி செய்வதாக நினைக்க வேண்டாம். அந்தக் குடும்பம் அங்கே தேடிப் போவது ஆலை முதலாளியை அல்ல. “இந்த மண்ணில் எங்களுக்கும் ஒரு புதைமேடு இருக்கிறது, 200 வருஷத்துக்கு மேலாக இங்கே இருக்கிறோம்” என்ற தைரியத்தைத் தேடிப் போகிறது. பட்டா இல்லாதவனுக்கு, ஓட்டுச் சீட்டு சந்தேகத்தில் இருப்பவனுக்கு, முன்னோர் சமாதிதான் பத்திரம். பண்டிகையின் உள்ளே இருக்கும் உயிர் இதுதான்.

கல்கத்தாவில்தான் ‘சீனர்’ ஆனார்கள்

இன்னொரு விஷயம். நாம் ‘சீனர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். கல்கத்தாவுக்கு வந்தவர்கள் அப்படி ஒரே மூட்டையாக வரவில்லை. காண்டன் பக்கத்தார் தச்சு வேலைக்காரர்கள். கப்பல் தச்சும் மேஜை நாற்காலித் தச்சும் அவர்கள் கையில். ஹக்கா என்ற பிரிவினர் செருப்புத் தைத்தார்கள், தோல் பதனிட்டார்கள். பென்டிங்க் தெருச் செருப்புக் கடைகள் அவர்களுடையவை. ஹூபே மாகாணத்தார் பல் கட்டும் வேலை செய்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. சொந்த நாட்டில் இவர்களில் சிலருக்குள்ளே பரம்பரைப் பகையே உண்டு: 1855 முதல் 1867 வரை காண்டன் மாகாணத்தில் ஹக்காக்களுக்கும் பூர்வ குடிகளுக்கும் நிலத்துக்காக நடந்த சண்டையில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

கல்கத்தாவில் இறங்கியதும் அங்கே தெருவில் போகிறவனுக்கு எல்லோரும் ஒரே சீனன்தான். வெளியிலிருந்து ஒட்டிய அந்தப் பெயர்ச் சீட்டை உள்ளிருந்து நிரப்பிக் கொடுத்தது பண்டிகை. பேச்சு வேறானாலும் புத்தாண்டு ஒன்று. சித்திரை வாக்கில் முன்னோர் கல்லறையைக் கூட்டித் துடைக்கும் நாள் ஒன்று. நடு இலையுதிர் காலத்து நிலாப் பண்டிகை ஒன்று. ஊருக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கோயில் என்று டிரெட்டா பஜாரைச் சுற்றிக் கட்டிக் கொண்டார்கள். சீ இப், நாம் சூன், தூங் ஆன் என்றெல்லாம் பெயர். வேடிக்கை என்னவென்றால் இந்தக் கோயில்களுக்குக் கல்கத்தாவில் ‘சர்ச்’ என்று பெயர்! ஏசுநாதருக்கும் இவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வழிபாட்டிடம் என்றால் வெள்ளைக்காரன் காதுக்கு அந்தச் சொல்தான் ஏறும் என்று வைத்தார்களோ என்னவோ, அதுவே நிலைத்துவிட்டது.

கப்பலிலிருந்து புதிதாக இறங்கியவன் எங்கே படுப்பான்? எந்தப் பட்டறையில் வேலை கேட்பான்? ஊருக்கு யார் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள்? செத்தால் யார் எடுத்துப் போடுவார்கள்? எல்லாவற்றுக்கும் சங்கம், கோயில். புத்தாண்டுக்கு முன் பழைய கடனைத் தீர்த்துக் கணக்கை நேராக்கிக் கொள்வது சீன வழக்கம். ஆகவே பண்டிகை என்பது சாப்பாடும் மேளமும் மட்டுமல்ல. அந்நிய ஊரில் அநாதையாகிவிடாமல் பிழைக்கும் ஏற்பாடு. அதே ஏற்பாட்டில் பட்டறை முதலாளி முன்வரிசையில் உட்காருவதும், கடன்பட்டவன் பின்வரிசையில் நிற்பதும் உண்டு. எந்த நாட்டுப் பண்டிகையில்தான் இல்லை?

இனி தோல் கதைக்கு வருவோம். 1910-க்குப் பிறகு ஹக்காக்கள் கல்கத்தாவின் கிழக்கு ஓரம், சதுப்பு நிலமாகக் கிடந்த டங்கராவில் தோல் ஷாப்புகள் போட்டார்கள். அந்தத் தொழில் அவர்கள் கைக்கு எப்படி வந்தது? சாதி ஹிந்துவுக்கு மாட்டுத் தோல் தீட்டு. பணம் வேண்டும், ஆனால் தொடக் கூடாது. அந்தச் சந்து வழியாகத்தான் ஹக்கா உள்ளே நுழைந்தான். அவனிடம் கூலிக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலும் பீஹாரிலிருந்து வந்த சமார் சாதி ஏழைகளும் முஸ்லிம் ஏழைகளும். சாதி தள்ளிவைத்த மனிதனும் கடல் தள்ளிக் கொண்டு வந்த மனிதனும் ஒரே சுண்ணாம்புக் குழி ஓரத்தில் நின்றார்கள். ஆனால் ஒருவன் முதலாளி, ஒருவன் கூலி. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை செய்த தோழர்களுக்கு அந்த நாற்றமும் தெரியும், அந்தக் கணக்கும் தெரியும்.

அதே டங்கராவில் சீனர்கள் கட்டிக் கும்பிடும் காளி கோயில் ஒன்று உண்டு. காளிக்கு நூடுல்ஸ் படைக்கிறார்கள்; கும்பிட வருகிறவர்களுக்கு அதுவே பிரசாதம். பத்திரிகைக்காரர்கள் இதைப் பார்த்து உருகி உருகி எழுதுகிறார்கள். எழுதட்டும். உண்மையிலேயே உருக்கமான விஷயம்தான். அக்கம்பக்கத்தானின் சாமியை ஒருவன் தன் அடுப்படிப் பண்டத்தை வைத்துக் கும்பிடுகிறான் என்றால் அவன் இந்த மண்ணோடு எவ்வளவு ஒட்டிவிட்டான்! நான் கேட்பது மறுபக்கத்துக் கேள்வி. அவன் ஒட்டிவிட்டான், மண்ணை ஆள்கிறவர்கள் அவனை ஒட்டிக் கொண்டார்களா?

1962: மேளம் நின்ற நாள்

1962 அக்டோபர் 20-ந் தேதி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் எல்லையில் போர் மூண்டது. நவம்பர் 21-ல் சண்டை நின்றது. ஒரே ஒரு மாதம். போரின் நியாய அநியாயம் வேறு விஷயம். அதை இங்கே பேசவில்லை. அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் தச்சு வேலை செய்தவனும், டார்ஜிலிங்கில் செருப்புத் தைத்தவனும், ஷில்லாங்கில் சிற்றுண்டிக் கடை வைத்தவளும் அந்தப் போரில் என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. இந்தியாவுக்கு எதிராகப் போர் தொடுத்த நாட்டின் பிரஜையாக ஒருவரோ, அவர் தாய் தந்தையில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ எப்போதாவது இருந்திருந்தால், அவர் அந்நியர்! தோழர்களே, இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். இந்தியாவில் பிறந்தவன். சீனாவைக் கண்ணால் பார்க்காதவன். வங்காளியோ அஸ்ஸாமியோ ஹிந்தியோ தாய்மொழி போலப் பேசுகிறவன். அவன் பாட்டனின் எலும்பைத் தோண்டி எடுத்து அவனைக் குற்றவாளி ஆக்கியது சட்டம்.

ஏறக்குறைய 3,000 பேரைப் பிடித்தார்கள். கிழவர், கர்ப்பிணி, கைக்குழந்தை என்ற பேதம் இல்லை. ரயிலில் ஏற்றி ஒரு வாரம் போல ஓட்டி, ராஜஸ்தானத்துப் பாலைவெளியில் தேவ்ளி என்ற முகாமில் கம்பி வேலிக்குள் அடைத்தார்கள். வழியில் ஸ்டேஷன்களில் ஜனங்கள் கல் எறிந்ததாக, அந்த ரயிலில் சிறு பிள்ளைகளாகப் போனவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். விசாரணை இல்லை. தீர்ப்பு இல்லை. சண்டை ஒரு மாதத்தில் நின்றது. கடைசிக் கைதிகள் வெளியே வந்தது 1967-ல்!

இந்தத் தேவ்ளி நமக்குத் தெரிந்த பெயர்தான். 1940-க்குப் பிறகு வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளையும் சோஷலிஸ்டுகளையும் விசாரணையின்றி அடைத்து வைத்த அதே முகாம். 1941-ல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்த அதே இடம். வெள்ளைக்காரன் கட்டிய கம்பி வேலி சுதந்திர சர்க்காருக்கும் பயன்பட்டது. ஆள் மட்டும் மாறினான்.

அஸ்ஸாமில் மாக்கும் என்ற ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேயிலை வேலை தெரியும் என்று வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனிகள் கொண்டு வந்த சீனத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் அந்த வட்டாரத்தில் வாழ்ந்தார்கள். உள்ளூர்ப் பெண்களை, தோட்டக் கூலிப் பெண்களைக் கட்டியவர்கள் பலர். போலீஸ் வந்தபோது சீனப் பெயர் உள்ள புருஷன் ஒருபுறம், உள்ளூர்ப் பெயர் உள்ள மனைவி ஒருபுறம் என்று குடும்பங்கள் கிழிந்தன. அஸ்ஸாமிய எழுத்தாளர் ரீட்டா சௌத்ரி 2010-ல் ‘மாகாம்’ என்ற நாவலில் இந்தக் கொடுமையை எழுதிய பிறகுதான் பக்கத்து ஜில்லாக்காரர்களுக்கே விஷயம் தெரிந்தது என்றால் பாருங்கள்.

சென்னைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1963-ல் சீன அரசு அனுப்பிய கப்பல்கள் வந்து நின்றது நம் சென்னைத் துறைமுகத்தில்தான். மூன்று நடையில் 2,000-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக் கொண்டு போயின. அவர்களில் எத்தனையோ பேர் சீனாவை அதுவரை கண்டதில்லை. அடுத்த ஆண்டே, 1964 முதல், அதே துறைமுகத்தில் எதிர்த்திசையிலிருந்து கப்பல்கள் வந்தன: பர்மாவில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தும் மூட்டை சுமந்தும் வாழ்ந்து, “நீ இந்த நாட்டான் இல்லை” என்று விரட்டப்பட்ட நம் ஜனங்கள், கையில் ஒரு பெட்டியோடு இறங்கினார்கள். ரங்கூனில் நம்மவர் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்ததை அந்த ஊரார் வேடிக்கை பார்க்கவில்லையா? பார்த்தார்கள். ரசித்தார்கள். அந்த ரசனை கப்பலை நிறுத்தவில்லை.

கல்கத்தாவில் மிஞ்சியவர்கள் போலீசில் பதிந்து கொண்டு, நகரத்தை விட்டு வெளியே போக வேண்டுமானால் அனுமதி கேட்டுக் கொண்டு காலம் தள்ளினார்கள். அப்போது ஊரைக் கூட்டி மேளம் அடிக்க யாருக்கு மனம் வந்திருக்கும்? கனடாவுக்கும், ஆஸ்திரேலியாவுக்கும், ஹாங்காங்குக்கும் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு காலத்தில் ஆயிரமாயிரமாக இருந்த சமூகம் சிறுகச் சிறுகக் கரைந்தது. இன்று கனடாவின் டொராண்டோ நகரத்தில் ஹிந்தியும் வங்காளியும் பேசிக் கொண்டு, கல்கத்தா ருசியில் நூடுல்ஸ் சமைத்துக் கொண்டு ஒரு ஹக்காக் கூட்டம் வாழ்கிறது. அங்கே அவர்களை இந்தியச் சீனர் என்கிறார்கள். இந்தியா தங்களை எப்படி நடத்தியது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்தியப் பெயரை அவர்கள் உதறவில்லை.

பண்டிகைக்குத் தடை போட்டவர்களும் விசுவாசச் சீட்டுக் கேட்டவர்களும்

இது இந்தியாவில் மட்டும் நடந்த அநியாயம் அல்ல. இந்தோனேஷியாவில் பண்டிகைக்கே தடை போட்டார்கள். 1965-66-ல் கம்யூனிஸ்டுகள் என்றும் அவர்களின் அனுதாபிகள் என்றும் குறைந்தது ஐந்து லட்சம் பேரைக் கொன்று குவித்து அதிகாரத்துக்கு வந்த சுஹார்த்தோ, 1967-ல் ஓர் உத்தரவு போட்டான். சீனர்களின் மதச் சடங்குகளும் வழக்கங்களும் வீட்டுக்கு உள்ளேதான் நடக்க வேண்டும். வெளியே தெரியக் கூடாது. சிங்க ஆட்டம் கிடையாது. சீனப் பள்ளிக்கூடம் மூடல். பெயரையும் மாற்றிக் கொள் என்று நெருக்குதல். அப்படியானால் சுஹார்த்தோவுக்குச் சீனர் என்றாலே ஆகாதா? அதுதான் இல்லை! நாட்டின் பெரிய கோடீஸ்வரனான லியெம் சியோ லியோங் என்ற சீனர் சுஹார்த்தோவின் வலது கை. மாவு ஆலையும் சிமெண்டும் வங்கியும் அவருக்கு. கோடீஸ்வரச் சீனன் ஜனாதிபதி மாளிகையில் விருந்து சாப்பிட்டான். தெருமுனைப் பெட்டிக்கடைச் சீனன் புத்தாண்டுக்கு விளக்கு ஏற்றக் கதவைச் சாத்தினான்.

கடைசியில் என்ன ஆயிற்று? 1998 மே மாதம் நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது ஜகார்த்தாவிலும் சோலோவிலும் கலவரம் வெடித்தது. ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். எரிந்த கடைகள் யாருடையவை? பெட்டிக்கடைச் சீனனுடையவை. மானபங்கம் செய்யப்பட்டவர்கள் அவன் வீட்டுப் பெண்கள். பசியால் கடைக்குள் புகுந்து தீயில் மாட்டிக் கொண்டு கருகியவர்களில் நகரத்து ஏழைகளும் ஏராளம். இரண்டு பக்கமும் செத்தவன் எளியவனே.

ஆனால் அதே மாதம் மாணவர்களும் ஜனங்களும் கிளர்ந்து எழுந்து சுஹார்த்தோவைக் கீழே இறக்கினார்கள். அதன் பிறகுதான் 2000-ல் அப்துர்ரஹ்மான் வாஹித் அந்த உத்தரவை ரத்து செய்தார். 2003 முதல் சீனப் புத்தாண்டு தேசிய விடுமுறை. முப்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்த சிங்கம் தெருவுக்கு வந்தது. யாரோ பெரிய மனது பண்ணிக் கைதட்டியதால் அல்ல. ஒரு சர்வாதிகாரி விழுந்ததால்! விடுமுறை கிடைத்த பிறகும், ‘நான் இந்தோனேஷியன்தான்’ என்று காட்டும் தனிக் காகிதத்தைச் சீன வம்சாவளியினரிடம் மட்டும் அலுவலகங்களில் கேட்டுக் கொண்டிருந்தார்கள். 2006-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்திய பின்புதான் வம்சத்தைப் பார்த்து மனிதனைப் பிரிக்கும் முறைக்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் போயிற்று. பண்டிகை முந்தி வந்தது. மனிதன் பிந்தி வந்தான்.

அமெரிக்காவில் நடந்தது இன்னொரு ரகம். ரயில் பாதை போட மலையைக் குடையச் சீனக் கூலி வேண்டியிருந்தது. 1867 ஜூனில் அந்தச் சீனத் தொழிலாளர்கள் வெள்ளையனுக்குச் சமமான கூலி கேட்டு ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி சாப்பாட்டை நிறுத்தி மலை மேல் பட்டினி போட்டு முறியடித்தது. பாதை முடிந்ததும், 1882-ல், சீனத் தொழிலாளி நாட்டுக்குள் வரக் கூடாது என்று சட்டம். அந்தச் சட்டம் ரத்தானது 1943-ல். பிறகு கொரியப் போர் வந்தது; சீனன் என்றாலே சிவப்பு என்று சந்தேகம். அந்தப் பயத்தின் நடுவில்தான் 1953-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் சீனப் புத்தாண்டு பெரிய ஊர்வலமாயிற்று. சீன வியாபாரிகள் முன்னின்று நடத்தினார்கள். கொரியப் போரில் போரிட்ட சீன வம்சாவளிச் சிப்பாய்க்கு ஊர்வலத்தில் முதல் மரியாதை. “பாருங்கள், நாங்கள் அமெரிக்கர்கள், கம்யூனிஸ்டுகள் அல்ல” என்று டிராகனைத் தூக்கிக் கொண்டு சத்தியம் செய்தார்கள். இன்று அதை உலகமே பார்க்கிறது. நல்ல வியாபாரமும் நடக்கிறது. அந்தப் பண்டிகை ஒரு சாட்சிப் பத்திரமாகப் பிறந்தது என்பது எத்தனை பேருக்கு ஞாபகம்?

இந்தச் சாட்சிப் பத்திரம் கேட்கிற புத்தி நம் நாட்டிலும் செத்துவிடவில்லை. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் சிப்பாய்கள் 20 பேர் மாண்ட செய்தி வந்ததும், டங்கராச் சீனர்கள் பதாகை பிடித்துக் கொண்டு தெருவில் இறங்கினார்கள்: நாங்கள் இந்தியர்கள், இந்திய ராணுவத்தின் பக்கம் நிற்கிறோம் என்று. அவர்கள் சொன்னது உண்மை, மனதாரச் சொன்னதுதான். ஆனால் பக்கத்துத் தெரு வங்காளி யாரும் அப்படிப் பதாகை பிடித்து நிரூபிக்க வேண்டியிருக்கவில்லையே! ஐந்தாறு தலைமுறை கழித்தும் ஒருவன் மட்டும் தன் வாசலில் நின்று “நான் இந்தியன்” என்று கூவ வேண்டியிருக்கிறது என்றால், அறுபது வருஷத்துக்கு முன்பு வந்த அந்த ரயில் அவன் காதில் இன்னும் ஓடிக் கொண்டிருக்கிறது. அதே ஆண்டுதான் கொரோனாவைச் சாக்காக வைத்து, கண் சிறுத்தவரையெல்லாம் தெருவில் ஏசினார்கள். மணிப்பூர், நாகாலாந்துப் பிள்ளைகளும் அந்த ஏச்சுக்குத் தப்பவில்லை.

டங்கராவின் தோல் ஷாப்புகள் இன்று அங்கே இல்லை. ஆற்றையும் நகரத்தையும் கெடுக்கிறது என்று 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அவற்றை நகரத்துக்கு வெளியே பாந்தலாவுக்குப் போகச் சொன்னது. போக முடிந்தவர்கள் போனார்கள். பலர் ஷாப்பை மூடி ஹோட்டல் வைத்தார்கள். தோல் காய்ந்த இடத்தில் இப்போது மின்சார விளக்கும் சிவப்புக் கூண்டும் தொங்குகின்றன. சனி ஞாயிறுகளில் காரில் வந்து சாப்பிடுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். நகரத்துக்குச் சீனனின் நூடுல்ஸ் வேண்டும், சிங்கம் வேண்டும், சிவப்பு விளக்கு வேண்டும். சீன மொழியில் 1969 முதல் வந்து கொண்டிருந்த சின்னப் பத்திரிகை ஒன்று 2020-ல் நின்று போனதே, அதற்கு எத்தனை பேர் வருத்தப்பட்டார்கள்?

பண்டிகை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டும். இருட்டுச் சந்தில் ஒற்றையாகக் கிடந்தவனை நாலு பேரோடு சேர்த்து வைத்தது அது. பயந்து ஒடுங்கிய சமூகம் மறுபடி வாசலுக்கு வந்து மேளம் அடிப்பது பெரிய காரியம். அதை வேடிக்கை பார்க்கப் போகிற தொழிலாளியும் நல்ல காரியமே செய்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் முகம் அவனுக்குப் பழகுகிறது. முகம் பழகிய இடத்தில் கல் எறியக் கை கூசும். ஆனால் அந்தக் கூச்சத்தை மட்டும் நம்பி ஒரு சமூகத்தை விட்டுவிட முடியாது. 1962-ல் கல் எறிந்த ஸ்டேஷன்களில் நின்றவர்களுக்கு அந்த ரயிலில் இருந்தவர்களின் முகமே தெரியாது. உத்தரவு போட்டவனுக்கும் தெரியாது. அங்கே தேவைப்பட்டது சட்டம். பாட்டன் பெயரைக் கேட்காத சட்டம்.

தேவ்ளியில் அடைபட்டவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இப்போது முதியவர்கள். கனடாவில் வாழும் சிலர் ஒன்று சேர்ந்து பல வருஷங்களாக ஒரே ஒரு கோரிக்கையை வைத்திருக்கிறார்கள்: இந்திய சர்க்கார் செய்தது தவறு என்று ஒப்புக் கொண்டு வருத்தம் தெரிவிக்க வேண்டும். சொத்தைத் திருப்பிக் கொடு என்பதைக்கூட அவர்கள் முதலில் வைக்கவில்லை. ஜப்பானிய வம்சாவளியினரை யுத்த காலத்தில் அடைத்து வைத்ததற்காக அமெரிக்க சர்க்கார் 1988-ல் மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது. சீனர்களிடம் தலைவரி பிடுங்கியதற்காகக் கனடா 2006-ல் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டது. டில்லி இதுவரை வாய் திறக்கவில்லை. அடுத்த சீனப் புத்தாண்டுக்கும் டங்கராவில் மேளம் கொட்டும். வாழ்த்துச் சொல்ல டில்லியிலிருந்து யாராவது வந்தால் வரட்டும். வரும்போது அந்தக் கோரிக்கைக்குப் பதிலையும் கையோடு கொண்டு வரட்டும்.